போய்ச் சேந்துச்சா?

எங்க வீடு திருவொற்றியூர்ல. ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் இங்கிருந்து நேர்கோட்டில் சுமார் 60 கிலோமீட்டர். அதனால ராக்கெட் பார்க்க எங்களுக்கு பாஸ் எல்லாம் வேண்டாம், மொட்டை மாடி போதும். சின்ன வயசுலேர்ந்து நிறைய பார்த்திருக்கேன். ஆனா 2025 ஜனவரி 29 மாதிரி ஒண்ணு பார்த்ததில்ல.

அன்னைக்கு தை அமாவாசை. காலை 6.23க்கு ஜிஎஸ்எல்வி-எஃப்15. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 100வது ஏவுதல். அமாவாசைன்னா எங்க வாசல்ல கோலம் கிடையாது. அந்த நேரத்துல வேலை இல்லாம இருந்த ஆயாவும் என்கூட மாடிக்கு வந்தாங்க.

வடக்கே முதல்ல ஒரு ஆரஞ்சு வெளிச்சம். அப்புறம் வீடுகளுக்கு மேல ஒரு நெருப்புப் புள்ளி ஏறி, மெதுவா வலப்பக்கம், கடல் பக்கமா சாய்ஞ்சது. சத்தமே இல்ல. அவ்வளவு தூரத்துலேர்ந்து ஒலி வந்து சேர கிட்டத்தட்ட மூணு நிமிஷம் ஆகும்.

அதிசயம் அதுக்குப் பின்னாடி வந்த புகைதான். கீழ்ப்பகுதி சாம்பல் கலர்ல மங்கலா இருந்துச்சு. ஒரு உயரத்துக்கு மேல அதே புகை, உள்ளே விளக்கு போட்ட மாதிரி வெள்ளையும் ரோஸுமா ஜொலிச்சது. எங்க தெருவுல இன்னும் விடியவே இல்ல.

"அங்க மட்டும் எப்படிடா வெளிச்சம்?"னு ஆயா கேட்டாங்க.

எனக்கு பதில் தெரியும். ஆனா நான் பிசிக்ஸ் படிச்சது முழுக்க இங்கிலீஷ்ல. வாயில வந்ததெல்லாம் 'ஷேடோ', 'கர்வேச்சர்', 'ஸ்கேட்டரிங்'. ரெண்டு தடவை ஆரம்பிச்சு, கடைசில வழக்கமா சொல்றதையே சொன்னேன்: "விடு ஆயா, உனக்குப் புரியாது."

கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துட்டு ஆயாவே சொன்னாங்க: "கோயில் கோபுரத்துல வெயில் முதல்ல கலசத்துலதானே படும், தெருவுக்கு அப்புறம்தானே வரும். அது மாதிரியா?"

அதேதான். சூரியன் உதிக்க இன்னும் பத்து நிமிஷத்துக்கு மேல இருந்தது. நாங்க பூமியோட நிழல்ல நின்னுட்டிருந்தோம். பத்து, பதினஞ்சு கிலோமீட்டர் உயரத்துல புகை அந்த நிழலைத் தாண்டி வெயிலுக்குப் போயிடுச்சு. அவ்வளவுதான் விஷயம். எனக்கு வராத விளக்கம், பள்ளிக்கூடமே போகாத ஆயாவுக்கு வந்துடுச்சு.

அதனால அடுத்ததை நானே சொன்னேன். நேரா இருந்த புகைக்கோடு கொஞ்ச நேரத்துல கோணல்மாணலா நெளிய ஆரம்பிச்சது. ஒவ்வொரு உயரத்துலயும் காத்து வேற திசையில, வேற வேகத்துல அடிக்கும், புகையை ஆளுக்கொரு பக்கம் இழுக்கும்னேன். தலையாட்டினாங்க.

19 நிமிஷத்துல செயற்கைக்கோள் தனியா பிரிஞ்சதா போன்ல வந்தது. "போய்ச் சேந்துச்சா?"ன்னாங்க. "சேந்துச்சு"ன்னேன். நிம்மதியா தாத்தாவுக்குப் படையல் வேலையைப் பார்க்கக் கீழே போனாங்க.

நாலு நாள் கழிச்சு செய்தி வந்தது. அந்த என்விஎஸ்-02 செயற்கைக்கோளோட சுற்றுப்பாதையை உயர்த்த முடியல. எஞ்சினுக்கு ஆக்ஸிடைசர் விடுற வால்வு திறக்கல. நான் ஆயாகிட்ட சொல்லல. எதுக்கு சொல்லணும், புரியாதுன்னு விட்டுட்டேன்.

உண்மை என்னன்னா, அப்போ நான் வீட்டுல இன்னொண்ணையும் சொல்லாம வெச்சிருந்தேன். எனக்கு ஒரு அரியர் விழுந்திருந்தது. ரிசல்ட் கேட்டப்ப 'ரீவேல்யுவேஷன்', 'கிரெடிட்'னு நாலு வார்த்தை போட்டேன். அதுக்கு மேல யாரும் கேட்கல. எனக்கு இங்கிலீஷ் ஒரு மொழியா மட்டும் இல்ல, ஒளிஞ்சுக்க ஒரு கதவாவும் இருந்திருக்கு.

ஒரு ராத்திரி சாப்பிடும்போது ஆயா திடீர்னு, "அன்னைக்கு விட்டாங்களே, அது நல்லா வேலை செய்யுதாடா?"ன்னாங்க.

இந்தத் தடவை சொன்னேன். "மேல காத்து இல்ல ஆயா. எரியறதுக்கு வேண்டியதையும் கூடவே கொண்டு போகணும். அதைத் திறந்துவிடுற வால்வு திறக்கல. சிலிண்டர் ஃபுல்லா இருக்கு, ரெகுலேட்டர் திரும்பலன்னா அடுப்பு எரியுமா?"

"எரியாது." கொஞ்சம் யோசிச்சுட்டு, "அப்போ வண்டி ஒழுங்காதான் கொண்டு போய் விட்டிருக்கு. இறங்கினவன்தான் நடக்கல."

சிரிச்சுட்டேன். அந்தச் சிரிப்போடயே அரியரையும் சொல்லிட்டேன். ஆயா சிரிக்கல.

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"உனக்குப் புரியாதுன்னு..."

"ஃபெயிலுன்னா எனக்குப் புரியும்டா."

அதுக்கு மேல எதுவும் கேட்கல. என் தட்டுல இன்னொரு தோசை விழுந்தது. அப்பாகிட்ட மறுநாள் நானே சொன்னேன். திட்டு கொஞ்சம் பலமாவே கிடைச்சது. அடுத்த செமஸ்டர்ல அந்த பேப்பரை கிளியர் பண்ணிட்டேன்.

நவம்பர் 2, சாயங்காலம் 5.26க்கு எல்விஎம்3-எம்5. நான் மாடிக்குப் போனப்ப ஆயா எனக்கு முன்னாடியே அங்க நின்னுட்டிருந்தாங்க. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள கேட்டாங்க:

"இதுலயாவது அந்த வால்வு திறக்குமாடா?"