கொக்கிக்குப் பின்னால் வரும் வண்டி

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் நெடுஞ்சாலையில் மயிலத்துக்குத் திரும்பும் இடம் கூட்டேரிப்பட்டு. வெளியூர்க்காரர்களுக்கு அது மயிலம் முருகனைப் பார்க்கப் போகிறவர்கள் இறங்கும் ஊர். கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் அந்தச் சாலை மாறிவிடும். சுற்றுவட்டக் கரும்பெல்லாம் டிராக்டரில் ஏறி முண்டியம்பாக்கம் ஆலைக்குக் கிளம்பும். சென்னை–திருச்சி பேருந்துகள் பறக்கும் அதே தார்ச்சாலையில் இவை ஊர்ந்து போகும், பல நேரம் இருட்டில்.

அந்த டிரெய்லர்களுக்கு ஒயரிங் செய்துதரும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரின் கடையில் பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். ஒரு டிராக்டர் பெட்டியோடு வந்து நின்றது. ஓட்டுநர் இளைஞர். “அண்ணா, பிரேக்கை மிதிச்சா இண்டிகேட்டரும் சேந்து மினுக்குது” என்றார். எலக்ட்ரீஷியன் ஒயரைத் தொடவே இல்லை. நேராகக் கொக்கிக்குப் போய், பின்னைத் தட்டிக் காட்டினார்.

“சார், பிளஸ் ஒயர்ல போவுது. மைனஸ் எதுல திரும்புது? இந்தப் பின்னுலதான். கிரீஸும் துருவுமா கெடக்கு பாருங்க.”

பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் பின் அசைகிறது, எர்த் விட்டு விட்டுப் பிடிக்கிறது. திரும்பும் வழி கிடைக்காத மின்சாரம் மற்ற பல்புகளின் இழைக்குள் புகுந்து வழி தேடுகிறது. அதனால் பிரேக் விளக்கு மங்கி, எரியக் கூடாததெல்லாம் அரைகுறையாக எரிகிறது. பின்னால் வரும் லாரிக்காரருக்கு, முன்னால் போகிறவர் நிற்கிறாரா திரும்புகிறாரா என்று தெரியாது.

டிராக்டரில் கம்பெனியிலிருந்தே வந்த ஏழு பின் சாக்கெட் இருந்தது. மூடி ஒடிந்து உள்ளே மண். அதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினார். ஏழு ஒயர் கேபிளில் மஞ்சள் இடது இண்டிகேட்டர், பச்சை வலது, சிவப்பு பிரேக், கறுப்பும் பழுப்பும் பின்விளக்குகள். வெள்ளை ஒயர்தான் எர்த். அதைச் சேஸில் முடிந்துவிடாமல் பேட்டரி வரைக்கும் தனியாக இழுத்தார். கேபிளை வெட்டுவதற்கு முன் ஓட்டுநரை வண்டியை முழுக்க இடமும் வலமும் ஒடிக்கச் சொல்லி, எவ்வளவு தொய்வு வேண்டும் என்று பார்த்துக்கொண்டார். தொங்கும் கரும்புத் தோகை ஒயரைப் பிடுங்கிவிடும் என்பதால் பெட்டிக்கு அடியில் இரும்புக் குழாய்க்குள் விட்டார். ஜாயிண்டுகளை முறுக்கி டேப் சுற்றுகிற பழக்கம் அவரிடம் இல்லை. லக் வைத்து அழுத்தி, ஸ்லீவ் போட்டுச் சூடுகாட்டினார். இந்தச் சாலையில் உயிர் காக்கும் வேலைகளில் ஒன்றாகவே இதை நான் மதிக்கிறேன்.

விளக்கு சரி. பிரேக்? அந்தப் பெட்டிக்குப் பிரேக்கே கிடையாது. பத்து டன் சுமையை டிராக்டரின் பின்சக்கரப் பிரேக் மட்டும்தான் நிறுத்த வேண்டும். “எறக்கத்துல நான் ஓட்டல சார், பெட்டிதான் என்னைத் தள்ளுது” என்றார் ஓட்டுநர். ஆஸ்திரேலியாவில் நிலைமை வேறு: டிரெய்லரின் சக்கரங்கள் தாங்கும் எடை 750 கிலோவைத் தாண்டினாலே பிரேக் கட்டாயம். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரத்துக்கும் வேண்டும், கொக்கி கழன்றால் தானாகப் பிடிக்கும் ஏற்பாடும் வேண்டும். அங்கே கேரவன்களில் பெரும்பாலும் மின்சாரப் பிரேக்தான். டிரம்முக்குள் ஒரு மின்காந்தம். ஓட்டுநர் பிரேக்கை மிதித்ததும் அதற்கு மின்சாரம் போகும். சுழலும் டிரம்மின் முகத்தில் காந்தம் ஒட்டி இழுபட, அதனோடு சேர்ந்த நெம்புகோல் பிரேக் ஷூக்களை விரிக்கும்.

இதைச் சொன்னதும் எலக்ட்ரீஷியன் கேட்ட முதல் கேள்வி, “எத்தனை ஆம்பியர் சார் இழுக்கும்?” காந்தத்துக்குச் சுமார் 3, நான்கு சக்கரத்துக்கு 12. அவர் தலையை ஆட்டினார். “அப்போ இந்த ஒயர் ஆவாது.” கணக்கும் அதையேதான் சொல்கிறது. போக ஆறு மீட்டர், வர ஆறு மீட்டர் என்று வைத்தால், 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் 12 ஆம்பியர் ஓடும்போது ஏறக்குறைய இரண்டரை வோல்ட் வழியிலேயே தீர்ந்துபோகும். 12 வோல்ட் பேட்டரியில் அது பெரிய இழப்பு. காந்தத்தின் பிடியே தளர்ந்துவிடும். 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு முக்கால் வோல்ட்டுக்குள் அடங்கும். தனி பியூஸ், தனி எர்த், பிரேக் பிடிக்கும் வேகத்துக்கேற்ப மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோலர், பெட்டியிலேயே ஒரு சிறு பேட்டரி. எதுவும் இந்தக் கடையில் செய்ய முடியாத வேலையல்ல. செய்யச் சொல்லிக் கேட்பவர்தான் இல்லை.

ஓட்டுநரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நடைக்குக் கூலி வாங்குகிறவர் கைக்காசைப் போட்டுப் பெட்டிக்குப் பிரேக் வைக்க முடியாது. கரும்பு யாருக்குப் போகிறதோ அவர்கள்தான் இதில் இறங்க வேண்டும். முண்டியம்பாக்கத்தில் ஆலையும் இருக்கிறது, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது; ஒரே சாலைதான் இரண்டுக்கும் வழி. பிரேக்குக்கு மானியமோ முன்பணமோ வரும்வரை விளக்கையாவது பார்க்கலாம். எடைமேடையில் வண்டி ஏறும்போது ஒருவர் பின்னால் நின்று, பிரேக்கை மிதி, இண்டிகேட்டர் போடு என்று சொல்லிப் பார்த்தால் ஒரு நிமிடம் ஆகும். எரியாத பெட்டிக்கு, ஒயரிங்கைச் சரிசெய்து வந்த பிறகே அடுத்த நடை என்று ஆலை சொல்லட்டும்.