படகுக்கு என்ன அடுப்பு?

கேட்டவர் பழவேற்காட்டு நண்பனின் அப்பா. அவருடையது மேல்தளம் இல்லாத ஃபைபர் படகு. ராத்திரி ஏரியில் தங்கினால் டீயும் கொஞ்சம் சோறும் வேண்டும். "தம்பி, கவரைப்பேட்டையில மெக்கானிக்கல்தானே படிக்கிறீங்க, சின்ன கேஸ் அடுப்பு வாங்கலாமா?" என்றார். நாலு வருஷ சிலபஸில் இது கிடையாது :-)

கேஸில் பயம் தீயைப் பற்றி மட்டும் இல்லைங்க, எடையைப் பற்றியும்தான். எல்பிஜியில் இருக்கும் புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் இரண்டு மடங்கு. வீட்டில் கசிந்தால் தரையோடு போய் வாசல் வழியாகவாவது வெளியேறும். படகு ஓட்டையில்லாத சட்டி (ஓட்டை இருந்தால் அது வேறு பிரச்சினை!). கசிந்த கேஸ் பலகைக்கு அடியில் தண்ணீர் மாதிரி தேங்கும். மேலே காற்று அடிப்பதால் நாற்றமும் தெரியாமல் போகலாம். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். ஒரு பீடி போதும்.

அதனால் என் ஓட்டு மண்ணெண்ணெய் திரி அடுப்புக்கு. சுலபத்தில் ஆவியாகாது. ஆனால் அதன் தீப்பற்று வெப்பநிலை 35 டிகிரியை ஒட்டித்தான் தொடங்குகிறது, சித்திரை வெயிலில் கேனை நிழலில் வைக்கணும். எரியும்போது ஊற்றவே கூடாது. பெட்ரோல் கேன் பக்கத்தில் இருந்து, இருட்டில் மாற்றி ஊற்றினால் கதை முடிந்தது.

இண்டக்ஷன்? 1500 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்துப் பாருங்கள்: 125 ஆம்பியர். படகு பேட்டரி அழுதுவிடும்.

அவர் சிரித்தார். "சீமெண்ணெய்க்கு எங்க தம்பி போறது? ரேஷன்லயே குறைச்சிட்டாங்க." நியாயம். அப்படியானால் 5 கிலோ சிலிண்டர், ஆனால் உள்ளே கீழே வேண்டாம். பின்பக்கம் உயரமாக ஒரு பெட்டி, அதற்கு மேலே மூடி, அடியில் துளை. அந்தத் துளை படகுக்குள் இல்லாமல் தண்ணீர்ப் பக்கம் திறக்கணும், கசிந்தால் ஏரிக்குப் போகட்டும். தீ அணைந்தால் கேஸைத் தானே நிறுத்தும் அடுப்பாகப் பார்த்து வாங்கி, ஆணியடித்துப் பொருத்தணும். பாத்திரம் நகராமல் சுற்றிக் கம்பி, குழம்பு பாதிப் பாத்திரம்தான். டியூபை உப்புக்காற்று தின்றுவிடும், வெடிப்பு தெரிந்தால் உடனே மாற்றணும். கசிவு பார்க்க சோப்புத் தண்ணீர், தீக்குச்சி அல்ல. சமைத்து முடிந்ததும் அடுப்புத் திருகை மட்டும் மூடினால் போதாது, ரெகுலேட்டரையும் மூடணும்.

பெட்டி போன வாரம் தயாராகிவிட்டது. நான் சொன்ன துளைகளை அவர் இரண்டு மடங்காகப் பெரிதாக்கிவிட்டார். சின்னதாக இருந்தால் மீன் செதில் அடைத்துக்கொள்ளுமாம்.