மூன்றரை சென்டிமீட்டர்

கோவை கணபதி பக்கம் இருக்கும் அந்தப் பட்டறைக்குள் நான் நுழைந்தபோது சிவப்பு ஸ்விஃப்ட் ஒன்று லிஃப்டில் ஏறத் தயாராக நின்றது. 2018 மாடல். மேஸ்திரி டேப்பை எடுத்து ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்தும் மட்கார்டு விளிம்பு வரை அளந்து, முன் கண்ணாடியில் சாக்பீஸால் நான்கு எண்களை எழுதினார். ஏன் தரையிலிருந்து அளக்கவில்லை என்று கேட்டேன்.

"டயர்ல காத்து கொஞ்சம் கூடக் கொறைய இருந்தாலே தரைக்கணக்கு மாறிப்போயிருமுங்க. வண்டி ஸ்பிரிங் மேல எவ்வளவு உக்காருதுங்கறதுதான் நமக்கு வேணும்."

வண்டிக்காரத் தம்பி பம்ப்செட் கம்பெனி ஒன்றில் வேலை பார்ப்பவர். அவருக்கு உறுத்தியது டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே தெரியும் சந்து. நான்கு விரல் போகிறது, இரண்டு விரல்தான் போகவேண்டும் என்பது அவர் கணக்கு. வளைவில் வண்டி இன்னும் நன்றாகப் பிடிக்கும் என்றும் சொன்னார், ஆனால் அந்தக் காரணம் பிறகு சேர்த்துக்கொண்டது போலத்தான் எனக்குப் பட்டது. அதில் தப்பில்லை. வண்டி அழகாக நிற்கவேண்டும் என்று ஆசைப்படுவது நியாயமான ஆசை. அதற்கு விலையாக எதைக் கொடுக்கிறோம் என்று தெரிந்திருந்தால் போதும்.

பட்டறை மூலையில் கழிவு இரும்பு போடும் டிரம் ஒன்று இருந்தது. மேஸ்திரி அதிலிருந்து ஒரு சுருளை எடுத்து என் கையில் கொடுத்தார். வேறொரு வண்டியிலிருந்து வந்தது. கடைசிச் சுற்றை யாரோ கேஸ் வைத்து வெட்டியிருந்தார்கள். வெட்டிய முனை நீலம் பாரித்துக் கிடந்தது.

ஸ்பிரிங்கை வெட்டினால் உயரம் மட்டும் குறையும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் விறைப்பும் கூடுகிறது. ஒரு சுருளின் விறைப்பு அதில் வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதம். ஐந்து சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டி நான்காக்கினால் விறைப்பு 25 சதவீதம் ஏறிவிடும். கம்பியின் தடிமன் இதைவிடப் பெரிய பேர்வழி, அதன் நான்காம் அடுக்கில் விறைப்பு கூடும். கம்பி பத்து சதவீதம் தடித்தாலே விறைப்பு 46 சதவீதம் எகிறிவிடும். அதனால்தான் முறையாகச் செய்த இறக்க ஸ்பிரிங்கில் உயரம், சுற்று, கம்பித் தடிமன் மூன்றையும் ஒன்றாகக் கணக்கிட்டு முடிவு செய்கிறார்கள். வெட்டுகிறவருக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. வெட்டிய பிறகு கிடைத்த விறைப்புதான் அவருக்கு.

கேஸ் வைத்து வெட்டுவது இன்னும் மோசம். ஸ்பிரிங் எஃகைப் பழுக்கக் காய்ச்சி, எண்ணெயில் குளிரவைத்து, மறுபடி அளவான சூட்டில் பதப்படுத்தித்தான் அதற்கு அந்தத் துள்ளல் வருகிறது. தீ பட்ட இடத்தில் பதம் போய்விடும், சில மாதங்களில் அந்தப் பக்கம் மட்டும் தொய்ந்து வண்டி சாய்ந்து நிற்கும். பிளேடு வைத்துச் சூடேறாமல் அறுத்தாலும் பிரச்சினை தீராது. அடிமுனை கிண்ணத்தில் சரியாக உட்கார்வதற்கென்றே வளைத்து விட்டிருப்பார்கள், அந்த வளைவு போய்விடுகிறது. சக்கரம் பள்ளத்தில் தொங்கும் நேரத்தில் குட்டையான சுருள் கிண்ணத்தைவிட்டு நழுவலாம். ஓடும் வண்டியில் அது நடந்தால் என்ன ஆகும் என்பதை மேஸ்திரி சொல்லவில்லை. சுருளை மறுபடி டிரம்மில் போட்டார்.

பிறகு வேலை ஆரம்பித்தது. முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்ட்ரட், ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே கட்டாக இருக்கும். பிரேக் ஹோஸ் கிளிப்பை விடுவித்து, நக்கிளில் இருக்கும் இரண்டு போல்ட்டுகளைக் கழற்றி, பானெட்டுக்கு அடியில் மேல் நட்டை எடுத்ததும் முழுக் கட்டும் கைக்கு வந்தது. அதைச் சுவரோடு பொருத்திய அமுக்கியில் மாட்டி ஸ்பிரிங்கை இறுக்கினார்கள். அதுவரை பக்கத்தில் நின்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்த தம்பியை மேஸ்திரி வெளியே போகச் சொன்னார். அமுக்கிய ஸ்பிரிங்கில் இருநூறு கிலோவுக்குக் குறையாத விசை அடைபட்டிருக்கும், பிடி நழுவினால் பீரங்கிக் குண்டுதான். இரண்டு கொக்கித் திருகை மாட்டிக்கொண்டு வீட்டு வாசலில் இதைச் செய்து பார்ப்பவர்கள் உண்டு. வேண்டாம்.

பழைய ஸ்பிரிங்கையும் புதியதையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்கள். புதியது குட்டை, கம்பி கொஞ்சம் தடிமன், மேல்சுற்றுகள் நெருக்கமாகவும் கீழ்ச்சுற்றுகள் அகலமாகவும் இருந்தன. லேசான குலுக்கலுக்கு நெருக்கமான சுற்றுகள் இடம் கொடுக்கும். சுமை ஏறும்போது அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, வேலை செய்யும் சுற்றுகள் குறைந்து ஸ்பிரிங் விறைக்கும்.

ஷாக்கின் கம்பியை அமுக்கி மேஸ்திரி காட்டியதுதான் எனக்கு அன்றைய பாடம். வண்டி நிற்கும் நிலைக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரைத் தொடும் நிலைக்கும் இடையே உள்ள கம்பியின் நீளம்தான் மேட்டை விழுங்கும் இடம். மூன்றரை சென்டிமீட்டர் இறக்கினால் அந்த இடத்திலிருந்துதான் அது போகிறது. மிஞ்சும் கொஞ்ச தூரத்துக்குள் அதே மேட்டை விழுங்கவேண்டும் என்றால் ஸ்பிரிங் விறைப்பாக இருந்தே தீரவேண்டும். விறைப்பான ஸ்பிரிங்கைக் கட்டுப்படுத்த ஷாக்கும் அதற்கு ஈடுகொடுக்கவேண்டும். ஒரிஜினல் ஷாக் இந்த இறக்கத்துக்கு ஓடும், ஆனால் சீக்கிரம் கசியும் என்றார். தம்பி ஷாக்கை மாற்றவில்லை. பட்ஜெட்.

பின்பக்கம் சுலபம். ஸ்விஃப்டில் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. ஷாக்கின் அடி போல்ட்டை எடுத்துப் பின் பீமைக் கீழே இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வந்துவிடுகிறது. ஆனால் பீமின் புஷ் போல்ட்டுகளையும் தளர்த்தி, வண்டி தரையில் நான்கு காலில் நின்ற பிறகுதான் இறுக்கினார்கள். தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் புஷ் எந்நேரமும் முறுக்கிக்கொண்டே கிடந்து கிழியுமாம். அவசரப் பட்டறைகளில் விட்டுப்போவது இந்தப் படிதான்.

இறக்கினால் வளைவில் சாய்வு குறையும் என்பது பாதி உண்மை. புவியீர்ப்பு மையம் தாழ்வது சரிதான். ஆனால் மெக்பெர்சன் அமைப்பில் சக்கரத்தை அடியில் பிடித்திருக்கும் கீழ்க்கை படுக்கைவாட்டுக்கு வந்து அதையும் தாண்டும்போது, வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது மையத்தைவிட வேகமாகத் தாழ்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவே நெம்புகோல் நீள்கிறது. அளவுமீறி இறக்கிய வண்டி முன்னைவிட அதிகமாகவே சாயலாம். கூடவே சக்கரத்தின் தலை உள்ளே சாயும், டோ, அதாவது சக்கரங்கள் முன்னோக்கிப் பார்க்கும் கோணம், மாறும். அலைன்மெண்ட் பார்க்காமல் ஓட்டினால் டயரின் உள்விளிம்பு முதலில் தேயும், வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதிதாகவே தெரியும். ஹெட்லைட்டின் உயரத்தையும் சரிபார்க்கவேண்டும்.

சட்டத்தைப் பற்றிக் கேட்டேன். தம்பி தலையைச் சொறிந்தார். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அனுமதியில்லாத பாகம் பொருத்தி மாற்றினால் மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்பது 2019 திருத்தத்தில் வந்தது. தரை இடைவெளி ஆர்.சி. புத்தகத்தில் இல்லை என்பது பட்டறைகளின் வாதம். விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ்காரரிடம் அந்த வாதம் எடுபடும் என்று நான் நம்பமாட்டேன். ஐபாக் போன்ற ஸ்பிரிங் கம்பெனிகளின் தாயகமான ஜெர்மனியில் சோதனைச் சான்றோடு ஸ்பிரிங் வாங்கிப் பொருத்தி, பரிசோதகரிடம் காட்டி, வண்டியின் ஆவணத்திலேயே பதிந்துகொள்ளலாம். இங்கே அப்படியொரு நேர்வழி இல்லாததால் நல்ல ஸ்பிரிங் போட்டவரும் கேஸ் வைத்து வெட்டியவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

அலைன்மெண்ட் முடிந்து செட்டிப்பாளையம் ரோட்டில் ஓட்டிப்பார்த்தோம். சிறு ஒட்டுகளில் முன்பைவிடச் சத்தம் கூடுதல், லேன் மாறும்போது வண்டி உடனே திரும்பியது. ஸ்விஃப்டின் தரை இடைவெளி 163 மி.மீ., இப்போது சுமார் 128. இந்திய சாலைகள் காங்கிரஸ் வகுத்த வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரத்தில் வளைந்தது. ஸ்விஃப்டின் இரண்டு அச்சுக்கும் இடையே 2.45 மீட்டர். கணக்குப் போட்டால், உச்சியில் நிற்கும்போது வயிற்றுக்கு அடியில் தடை 4.4 செ.மீ.தான் மேலே வரும். விதிப்படி போட்ட தடை இந்த வண்டியைத் தொடவே தொடாது.

ஊர்க்காரர்கள் தாங்களே தார் கொட்டி எழுப்பிய, ஒரு முழ அகலத் தடைக்கு இந்தக் கணக்கு செல்லாது. அதன் முழு உயரமும் வயிற்றுக்கு நேராக வரும். நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். முதல் தடையைத் தம்பி கோணலாக ஏற்றி, ஊர்ந்து, கடந்தார். அடுத்ததில் கீழே கரகரவென்று தேய்த்தது.

"அண்ணா, அப்பா அம்மா ஏறுனா?"

"இன்னும் இறங்குமுங்க தம்பி" என்றார் மேஸ்திரி. "ஐநூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க. போல்ட்டெல்லாம் டைட் பாக்கோணும், அலைன்மெண்ட் மறுக்காப் போடோணும். பழைய ஸ்பிரிங் நாலும் டிக்கில வெச்சிருக்கேன், எடைக்குப் போட்டுறாதீங்க."