ஒரு சொல்லால் உறங்காத இரவு

ஆங்கிலத்தில் நாலெழுத்துத் தெரிந்தவன் என்ற பெருமையில் என் வீட்டாரை ஓர் இரவு முழுவதும் அழ வைத்தவன் நான். அந்தக் கதையைக் கேளுங்கள்.

1970 ஆம் ஆண்டு. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நாலாம் வகுப்புப் படித்துக் கொண்டிருந்தேன். பால் வாளியோடு மேட்டில் வழுக்கி விழுந்த அப்பாவுக்குக் காலில் பலத்த காயம். டிரெஸ்ஸர் கட்டுப் போட்டுவிட்டு, "இதைக் காலையில் கிராணியிடம் கொடு" என்று ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தனுப்பினார். வீட்டில் ஆங்கில எழுத்து தெரிந்தவன் நான் ஒருவன்தான். சீட்டில் மூன்றே சொற்கள்: 'லீவ் ஒன் வீக்'.

'லீவு' என்று நாங்கள் தினமும் பேசியதைத் தமிழ்ச் சொல் என்றே நான் நம்பியிருந்த காலம் அது. பாடப்புத்தகத்து 'லீவ்' வேறு; அதற்குப் 'புறப்பட்டுப் போ' என்று பொருள். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "ஒரு வாரத்துல போயிடச் சொல்லியிருக்குப்பா" என்றேன்.

அது சாதாரணச் செய்தி அல்ல. 1968 ஆம் ஆண்டுச் சட்டத்தால், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய 'பெர்மிட்' வேண்டும் என்றாகி, 1969 இல் அது நடைமுறைக்கும் வந்திருந்தது. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவர்களில் பலர் குடும்பத்தோடு கப்பலேறிக் கொண்டிருந்தார்கள். அப்பாவின் கார்டும் சிவப்புத்தான். இரண்டு ஆடுகளையும் யாரிடம் விற்பது என்று அம்மா அழுதுகொண்டே கணக்குப் பார்த்தார். அப்பா கூரையையே பார்த்தபடி கிடந்தார்.

காலையில் கிராணி சீட்டைப் பார்த்தார். "ஒரு வாரம் லீவு. வீட்டுல போய்ப் படு" என்றார். அவ்வளவுதான்!

பெயர்ச்சொல்லை நான் வினைச்சொல்லாகப் படித்துவிட்டேன். உண்மையில் விடுமுறையைக் குறிக்கும் 'லீவ்' ஒரு பழைய சொல். அதன் முதற்பொருள் அனுமதி. புறப்படுவதைக் குறிக்கும் 'லீவ்' வேறொரு பழைய சொல். காலப்போக்கில் இரண்டும் ஒரே உருவம் அடைந்துவிட்டன.

ஒரே சொல் பல வேலை பார்ப்பதும் ஆங்கிலத்தில் ஏராளம். 'டிரெஸ்' பெயரானால் உடுப்பு. வினையானால் உடுத்துவது மட்டுமல்ல, புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுவதும் அதுதான். நல்ல உடுப்புப் போடுவதால்தான் அவருக்கு 'டிரெஸ்ஸர்' என்று பெயர் என நான் நினைத்திருந்தேன்!

தமிழில் மரம், மரத்தை, மரத்தில் என்று சொல்லின் வால் அதன் வேலையைக் காட்டும். பழைய ஆங்கிலத்திலும் வால்கள் இருந்தன. அன்பு 'லுஃபு', அன்பு செய்வது 'லுஃபியன்'. நூற்றாண்டுகள் செல்லச் செல்ல வால்கள் தேய்ந்து, இரண்டுமே 'லவ்' ஆயின. இப்போது பக்கத்துச் சொல்தான் வழிகாட்டி. 'மை', 'எ', 'த' முன்னால் வந்தால் பெரும்பாலும் பெயர். 'வில்', 'மஸ்ட்' வந்தால் வினை. என் சீட்டில் 'லீவ்' என்பதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. சில சொற்களில் குரலும் காட்டிக் கொடுக்கும். 'பெர்மிட்' என்பதில் முதல் அசையை அழுத்தினால் அனுமதிச் சீட்டு. கடைசி அசையை அழுத்தினால் அனுமதிப்பது.

இது நமக்குப் புதிதா? "இன்னிக்கு வெட்டு இல்லை" என்றால் பெயர். "மரத்தை வெட்டு" என்றால் வினை. தோட்டத்துக் குழந்தைகூட இதில் தடுமாறுவதில்லை. ஏனென்றால், அது சொல்லைத் தனியாகக் கேட்பதில்லை; பேச்சோடு சேர்த்துக் கேட்கிறது.

ஆகவே பெற்றோர்களே, "இந்த ஆங்கிலச் சொல்லுக்கு என்ன பொருள்?" என்று மட்டும் பிள்ளைகளைக் கேட்காதீர்கள். "இதை வைத்து இரண்டு வாக்கியம் சொல்" என்று கேளுங்கள். அகராதியைத் திறந்தால் முதல் பொருளோடு மூடிவிடாமல், அடுத்த வரியையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்பாவுக்குப் பெர்மிட் கிடைத்தது. பின்னாளில் நீலக் கார்டும் கிடைத்தது. நான் வேலைக்குப் போன பிறகு "லீவு கிடைச்சிருக்குப்பா" என்று சொன்னால் போதும், "எந்த லீவுடா? போறதா, இருக்கிறதா?" என்று சிரிப்பார்.