தம்பியின் லீக்கைப் பற்றிச் சில வார்த்தைகள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேலி ஓடியது. என் தம்பி வால்வு ஆபரேஷன் முடிந்து வீட்டில் ஓய்வில் இருக்கிறான் அல்லவா, அவன் ஐபிஎல் பார்ப்பதில்லை, சீரியல் பார்ப்பதில்லை, நோட்டில் எதையோ எழுதிக்கொண்டே இருக்கிறான் என்று தொடங்கியது. "சட்ராஸ் தோத்துப்போச்சுன்னு நேத்து ராத்திரி சரியாவே சாப்பிடல அக்கா" என்று தம்பி மனைவி எழுதியதும் சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. ஒருவர் "டாக்டர்கிட்ட சொல்லுங்க" என்றே எழுதிவிட்டார். குழுவில் பதில் எழுதினால் நாலு வரிக்குமேல் யாரும் படிக்க மாட்டீர்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். என் பழைய மாணவர்களும் படிக்கட்டும், இது அவர்களுக்கும் தெரிந்த விஷயம்தான்.

புக் கிரிக்கெட் ஆடாத பிள்ளை என் வகுப்பில் யார்? புத்தகத்தைத் திறந்தால் இடது பக்க எண் எப்போதும் இரட்டைப்படை. கடைசி இலக்கம் 2, 4, 6 என்றால் அத்தனை ஓட்டம். 8 என்றால் எங்கள் பக்கத்தில் ஒரு ஓட்டம். 0 என்றால் அவுட். மூன்றாவது பெஞ்சில் நீங்கள் டெஸ்க்குக்குக் கீழே ஆடியதெல்லாம் எனக்குத் தெரியும். சராசரி என்றால் என்ன என்று எட்டாம் வகுப்புக்குச் சொல்லித்தர அதைவிட நல்ல கருவி கிடையாது என்பதால் சில வருடம் கரும்பலகையிலேயே ஆடியிருக்கிறோம். ஐந்தில் ஒரு முறை அவுட். அப்படியானால் அவுட் ஆவதற்குமுன் சராசரியாக நான்கு பந்தில் ஓட்டம் வரும். 2, 4, 6, 1 நான்கையும் கூட்டி நான்கால் வகுத்தால் 3.25. ஆக ஒரு விக்கெட்டுக்கு 13 ஓட்டம், பத்து விக்கெட்டுக்கு 130. பாடப் புத்தகம் எதுவானாலும் இந்தக் கணக்கு மாறாது.

தம்பிக்கு 12 வயதில், 1973இல், வாதக்காய்ச்சல் வந்தது. மூட்டு வீங்கி, பிறகு இதயத்தைத் தொட்டது. மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி. ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கொளவாய் ஏரிக்கரையில் தெருப் பையன்கள் எல்லோரும் ஆடுவார்கள், அவன் திண்ணையில் இருப்பான். ஸ்கோர் எழுதக் கூப்பிட்டார்கள். இரண்டு நாள் போனான், மூன்றாம் நாள் போகவில்லை. அப்பா ரயில்வேயில் இருந்ததால் வீட்டில் பழைய கால அட்டவணைப் புத்தகங்கள் கிடக்கும். அதில் ஒன்றை எடுத்துக்கொண்டான். லீக் பிறந்தது அங்கேதான்.

முதலில் எல்லோரையும் போல இந்தியா, வெஸ்ட் இண்டீஸ் என்றுதான் ஆடினான். சில நாளில் விட்டுவிட்டான். காரணம் கேட்டபோது அவன் சொன்னது இன்றும் நினைவிருக்கிறது. "கவாஸ்கர் எவ்வளவு அடிப்பார்னு ஊருக்கே தெரியும்க்கா. புக்குல முட்டை வந்தா புக்கு பொய் சொல்ற மாதிரி இருக்கு." நிஜ ஆட்டக்காரர்களை வைத்து ஆடினால் நிஜம் எப்போதும் பக்கத்தில் நின்று திருத்திக்கொண்டே இருக்கும். நாமே உண்டாக்கிய ஆட்டக்காரனுக்கு அந்தத் தொல்லை இல்லை. நோட்டில் எழுதியிருப்பதுதான் அவனுடைய வாழ்க்கை, அதற்கு வெளியே ஒன்றும் கிடையாது.

எட்டு அணி. ரயில் பிரிவில் செங்கல்பட்டு, சிங்கப்பெருமாள் கோவில், மதுராந்தகம், வாலாஜாபாத். கடல் பிரிவில் கோவளம், மாமல்லபுரம், சட்ராஸ், திருக்கழுக்குன்றம். திருக்கழுக்குன்றத்தில் கடல் ஏதுடா என்றால் மலை ஏறினால் தெரியும் என்பான். ஒவ்வொரு மைதானத்துக்கும் ஒரு சட்டம். செங்கல்பட்டில் 6 அடுத்தடுத்து இரண்டு முறை வந்தால் பந்து ஏரியில் போய்விட்டது, இரண்டாவது சிக்சருக்கு அவுட். சட்ராஸில் டச்சுக் கோட்டைச் சுவர் இருப்பதால் 6 கிடையாது, எல்லாம் 4தான். மதுராந்தகத்தில் ஐப்பசி, கார்த்திகை மாதம் மூன்று 8 தொடர்ந்து வந்தால் மழை, ஆட்டம் ரத்து. திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளையில் கழுகு வரும் நேரம் ஆட்டத்தை நிறுத்த வேண்டும். (நிஜத்தில் அந்தக் கழுகுகள் வருவது நின்று பல வருடம் ஆகிவிட்டது. தம்பியின் லீக்கில் இன்றும் வருகின்றன.)

ஆட்டக்காரர்களுக்கு மனிதப் பெயர் வைக்க மாட்டான். தெரிந்தவர் பெயர் வைத்தால் பட்சபாதம் வந்துவிடுமாம். மாமல்லபுரத்துக்கு உளி, சுத்தி, சிற்பக்கூடம் என்று பதினோரு பேர். சிங்கப்பெருமாள் கோவிலில் கைகாட்டி என்று ஒரு தொடக்க ஆட்டக்காரர்.

புக் கிரிக்கெட்டில் ஒரு பெரிய குறை உண்டு. முதலில் வருபவனும் பதினோராவதாக வருபவனும் ஒன்றுதான், இருவருக்கும் அதே 13. இதைத் தம்பி சரிசெய்தான். கடைசி நான்கு பேருக்கு 0 வந்தாலும் அவுட், 6 வந்தாலும் அவுட். கணக்குப் போட்டால் அவர்கள் சராசரி மூன்றரை. அணிக்கு ஒரு நட்சத்திர ஆட்டக்காரர். அவருக்கு 0 வந்தால் இன்னொரு முறை திறக்க வேண்டும், மறுபடியும் 0 வந்தால்தான் அவுட், இல்லையென்றால் அந்தப் பந்தில் ஓட்டம் இல்லை, அவ்வளவுதான். அவர் சராசரி 65க்குப் போய்விடும். கவாஸ்கரின் டெஸ்ட் சராசரியே 51தான்! இதையெல்லாம் 13 வயதில், யாரும் சொல்லித்தராமல் செய்தான். இன்னொன்றும் கண்டுபிடித்தான். புத்தகம் பழகப் பழக முதுகு உடைந்து ஒரே இடத்தில் திறக்கும். கோவளத்துக்கு ஒரே வாரத்தில் நாலு நாலாக வந்ததைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, அந்த வார ஆட்டங்களையே ரத்து செய்துவிட்டு வேறு புத்தகம் எடுத்தான்.

1975 பொங்கல் சமயம் சேப்பாக்கத்தில் விஸ்வநாத் ஆட்டமிழக்காமல் 97 எடுத்ததை ரேடியோவில் சேர்ந்து கேட்டோம். இந்தியா மொத்தமே 190. அன்று ராத்திரி தம்பி தன் நோட்டுகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். நம் லீக்கில் இப்படி ஒன்று நடந்திருக்கிறதா என்று தேடினானாம். நடந்திருந்தது. வாலாஜாபாத் 102க்குச் சுருண்டதில் ஒருவர் மட்டும் 58. அப்போது அவன் கவனிக்கவே இல்லை. இரண்டு வருட நோட்டு இருந்ததால்தான் அந்த 58க்கு ஒரு முகம் வந்தது. எண் மட்டும் இருந்தால் போதாது, அதற்கு முன்னாலும் பின்னாலும் எழுதியிருக்க வேண்டும்.

அந்த வருடத்து இறுதி ஆட்டத்தை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மாமல்லபுரம் கடைசி விக்கெட், வெல்ல 3 ஓட்டம், ஆடுவது உளி. உளி பந்துவீச்சாளர், ஆனாலும் தம்பிக்கு அவர்மேல் ஒரு தனிப் பாசம். திறந்தான். 0. வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். "யாருடா பார்த்தா, இன்னொரு தடவை திற" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு "உளி அவுட்" என்று எழுதினான். கண்ணில் தண்ணீர். "இதுல நீயும் ஒரு ஆட்டக்காரனா இருக்கலாமேடா" என்று ஒருமுறை கேட்டதற்கு "நான் இருந்தா நேர்மையா ஆட மாட்டேன்க்கா" என்றான். ஓடக்கூடாத பையன் கற்பனையில் ஓடிப் பார்க்கிறான் என்றுதான் உறவுக்காரர்கள் அப்போதும் நினைத்தார்கள். அவன் ஓடவே இல்லை, பிள்ளைகளே. நடுவராகவும் ஸ்கோர் எழுதுபவராகவும் மைதானத்துக்குத் தண்ணீர் விடுபவராகவும் இருந்தான்.

இது உலகத்தில் இவனுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை என்பதைத்தான் சொல்ல வந்தேன். அமெரிக்காவில் இருக்கும் என் மகனிடம் இந்தக் கேலியைச் சொன்னபோது, "அம்மா, இங்க பேஸ்பால்ல இதுக்கு ஒரு பெரிய கூட்டமே இருக்கு" என்றான். பேஸ்பாலும் கிரிக்கெட் மாதிரித்தான், ஒருவர் வீச ஒருவர் அடிக்க, ஒவ்வொரு பந்தும் தனித்தனி நிகழ்ச்சி. அதனால் எண்ணாக்கி எழுதிவிடலாம். கால்பந்தை அப்படி வெட்டி எடுக்க முடியாது. ஜாக் கெரோவாக் என்ற புகழ்பெற்ற எழுத்தாளர் சிறுவயதிலேயே சொந்தமாக ஒரு பேஸ்பால் லீக் உண்டாக்கி, கார் கம்பெனிப் பெயர்களில் அணிகள் வைத்து, அதற்குச் செய்தித்தாளும் தானே எழுதி, பெரியவரான பிறகும் ஆடிக்கொண்டிருந்தார். அந்தக் காகிதங்களை நியூயார்க் பொது நூலகம் பத்திரமாக வைத்திருக்கிறது. நம் வீட்டில் பழைய பேப்பர்காரனுக்குப் போடலாமா என்று பேச்சு நடக்கிறது.

ராபர்ட் கூவர் 1968இல் இதை வைத்து ஒரு நாவலே எழுதினார். ஹென்றி வா என்ற கணக்காளர் ராத்திரியெல்லாம் பகடை உருட்டிச் சொந்த லீக் நடத்துகிறார். அவருக்குப் பிரியமான இளம் பந்துவீச்சாளர் பகடையில் விழுந்த எண்ணால் மைதானத்திலேயே இறந்துபோகிறார். அந்தத் துக்கத்தில் ஹென்றி ஒரு கட்டத்தில் பகடையை உருட்டாமல் கையாலேயே திருப்பி வைத்துவிடுகிறார். மகன் கதையை இந்த இடம்வரை சொன்னதும் தம்பி போனிலேயே "ஐயோ, முடிஞ்சதுடா" என்றான். எனக்கு உளி ஞாபகம் வந்தது.

இன்னொரு விஷயம்தான் தம்பியை உண்மையில் எழுப்பி உட்காரவைத்தது. பந்துவீச்சாளரின் திறமையை எப்படிக் கொண்டுவருவது என்பது பத்து வருடமும் அவனுக்குத் தீராத கணக்கு. உளி எவ்வளவு நன்றாக வீசினாலும் பக்கம் திறப்பது அடிப்பவனுக்காகத்தானே? ஹால் ரிச்மன் என்பவர் 1961இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் என்ற ஆட்டத்தில் மூன்று பகடை. முதல் பகடையில் 1, 2, 3 விழுந்தால் அடிப்பவரின் அட்டையைப் பார்க்க வேண்டும். 4, 5, 6 என்றால் வீசுபவரின் அட்டை. மற்ற இரண்டின் கூட்டுத்தொகை அந்த அட்டையில் எந்த வரி என்று சொல்லும். பாதி விதி அவர் கையில், பாதி இவர் கையில்! மகன் வீடியோ காலில் இதை விளக்கியபோது தம்பி ஒரு நிமிடம் பேசவே இல்லை. பிறகு "இவ்ளோதானா?" என்றான். ஆபரேஷனுக்குப் பிறகு அவன் முகத்தில் வெளிச்சம் பார்த்தது அன்றுதான். பேத்தியின் லூடோ பெட்டியிலிருந்து பகடை அன்று சாயங்காலமே கைமாறியது. இப்போது கம்ப்யூட்டரிலும் இப்படி உண்டாம். அவுட் ஆஃப் தி பார்க் என்ற விளையாட்டில் இல்லாத ஊர், இல்லாத ஆட்டக்காரர்களை வைத்து நூறு வருட லீக் ஓட்டலாம், வயதாகி ஓய்வு பெறுவதுவரை எல்லாம் அதுவே செய்யும். தம்பிக்கு அதில் ஆசை இல்லை. தன் கையெழுத்தில் இருக்க வேண்டுமாம்.

1982இல் வேலை கிடைத்து வெளியூர் போனபோது பத்தாவது வருடத்தோடு லீக் நின்றது. இப்போது நடப்பது பதினோராவது. நடுவில் போன நாற்பது சொச்சம் வருடத்தை என்ன செய்வது என்று இரண்டு நாள் யோசித்தான். நின்ற இடத்திலிருந்தே தொடரலாம் என்றாள் பேத்தி. அது பொய்க்கணக்கு என்று சொல்லிவிட்டான். அவர்களுக்கும் அத்தனை வயது ஆகிவிட்டது, எல்லோரும் ஓய்வு. உளி இப்போது மாமல்லபுரத்தின் பயிற்சியாளர். எட்டு அணிக்கும் புது ஆட்டக்காரர்கள் வேண்டும்.

ஆகவே உறவுகளே, சட்ராஸ் தோற்ற அன்று அவன் குறைவாகச் சாப்பிட்டால் கவலைப்படாதீர்கள். முதல் காய்ச்சலிலும் இரண்டு வருடம் ஊசியோடு இருந்தவனைப் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார வைத்தது அடுத்த ஆட்டம் எப்போது என்ற ஒன்றுதான். நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள். அவன் மருந்தை நேரத்துக்குப் போடுகிறான், நடைப்பயிற்சியும் போகிறான். அந்த நோட்டுகளை மட்டும் யாரும் தொட வேண்டாம்.

என் மாணவர்களுக்கு ஒரு வேலை. கோவளம், சட்ராஸ், மதுராந்தகம் பக்கத்துப் பிள்ளைகள் உங்கள் ஊர் அணிக்கு ஆளுக்கு இரண்டு பெயர் கமெண்ட்டில் எழுதுங்கள். மனிதப் பெயர் கூடாது, சினிமாப் பெயர் கூடவே கூடாது. வலை, துடுப்பு, மதகு, இப்படி ஊரில் இருக்கும் பொருளாக இருக்கட்டும். செவ்வாய்க்கிழமை அவனுக்கு இதயப் பரிசோதனை. போய்விட்டு வந்து சாயங்காலம் கோவளம் - திருக்கழுக்குன்றம் ஆட்டம். அதற்குள் பெயர்கள் வந்து சேர வேண்டும்.