வாட்ச்மேனுக்கு யார் வாட்ச்மேன்?

கணக்கப்பிள்ளை தப்பு செய்தால் ஆடிட்டர் கண்டுபிடிப்பார். ஆடிட்டரே தப்பு செய்தால்? பி.காம். இரண்டாம் ஆண்டில் இந்தக் கேள்வியைக் கேட்டதற்காக வகுப்பிலிருந்து வெளியே அனுப்பப்பட்டவன் நான். பதில் கிடைத்தது தணிக்கைப் புத்தகத்தில் இல்லை சார். ஏற்காட்டையும் தாண்டி, நாகலூரில்!

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்ததும், மற்றவர்கள் ஏரிக்கரையில் பஜ்ஜிக்கு நின்றுவிடுவார்கள். நாகலூர்க்காரர்களுக்கு இன்னும் பயணம் பாக்கி. சில்வர் ஓக் மரம், அதைக் கட்டிக்கொண்டு மிளகுக்கொடி, கீழே காபிச் செடி. நடுவில் அத்தை வீடு. அத்தை பையன் சேலத்தில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்கு வேலை பார்க்கிறான். அது பகலில். ராத்திரி வேறு வேலை. அதற்குச் சம்பளம் கிடையாது. அத்தைக்கு அதுதான் ஆத்திரம்.

"ஏங்கண்ணு, நீயாவது கேளு. விடிய விடிய அந்தக் கருப்புத் திரையையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான். கேட்டா, பூச்சி பிடிக்கிறானாம். நம்ம காபிச் செடியில தண்டுத் துளைப்பான் இருக்கே, அதைப் பிடிச்சாலாவது ஒரு பிரயோஜனம் உண்டு!"

நான் போய் எட்டிப் பார்த்தேன். படம் இல்லை, கலர் இல்லை. எழுத்துக்கள் மட்டும் மழை மாதிரி கொட்டிக்கொண்டிருந்தன. "என்ன மாப்ளே இது?"

"ஸ்ட்ரேஸ், மச்சான். எந்த புரோகிராமும் தானா ஒரு கோப்பைக்கூடத் திறக்க முடியாது. படிக்கணும், எழுதணும், நெட்ல பேசணும், எதுக்கும் உள்ள இருக்கற கெர்னல் கிட்ட கேக்கணும். அப்படிக் கேக்கறதை எல்லாம் ஒண்ணு விடாம இது வரி வரியா எழுதி வைக்கும்."

டே புக்! எனக்குப் புரிந்துவிட்டது.

1991-ல் பால் கிரானென்பர்க் என்பவர் சன் கம்ப்யூட்டர்களுக்காக எழுதியது. பிறகு லினக்ஸுக்கு வந்து அதிலேயே தங்கிவிட்டது. இலவசம். உலகத்தில் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தம் அனுப்பலாம்.

அதன் உபயோகத்தையும் அவனே சொன்னான். போன சீசனில் பக்கத்து எஸ்டேட் ஆபீஸில் சனிக்கிழமை கூலிச் சீட்டு அச்சாகவில்லை. அறுபது பேர் வரிசையில். சீட்டு பத்து விநாடிக்கு ஒன்று என்று சொட்டுகிறது. பிரிண்டர் கோளாறு என்றார் ஒருவர், வைரஸ் என்றார் இன்னொருவர். இவன் ஸ்ட்ரேஸைப் போட்டுப் பார்த்தால், புரோகிராம் ஒவ்வொரு சீட்டுக்கும் பிரிண்டரின் முகவரியை நெட்டில் விசாரித்துக்கொண்டிருக்கிறது. ஐந்து விநாடி காத்திருக்கிறது, பதில் இல்லை, மறுபடி கேட்டு இன்னும் ஐந்து விநாடி. மழையில் மலைமேல் நெட் எங்கே இருக்கும்? முகவரியை அந்தக் கம்ப்யூட்டரிலேயே ஒரு வரி எழுதி வைத்தான். சீட்டு மடமடவென்று வந்துவிட்டது.

"சரி மாப்ளே, இந்த ஸ்ட்ரேஸே பொய் சொன்னா?" என் பழைய கேள்வியை எடுத்துவிட்டேன். இவன் என்னை வெளியே அனுப்பவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டான்.

"சொல்லியிருக்கு மச்சான். அதுதான் என் ராத்திரி வேலையே. எங்கப்பா கதை ஞாபகம் இருக்கா?"

மாமா முப்பது வருஷம் எஸ்டேட் கேட்டில் வாட்ச்மேன். போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகின்றன. ஆளுக்கு ஒரு கட்டம், கேட்டைத் தாண்டும்போதெல்லாம் சிலேட்டில் ஒரு கோடு. ஒற்றைப்படை என்றால் உள்ளே, இரட்டைப்படை என்றால் வெளியே. ஒரு நாள் சேற்றில் புதைந்த லாரியைத் தள்ளப் போனார். அந்த நேரம் பார்த்து, பிள்ளைக்குச் சோறு கொடுக்க வெளியே போயிருந்த ஒரு பெண் திரும்பி உள்ளே வந்துவிட்டாள். கோடு விழவில்லை. சாயந்திரம் சிலேட்டுப்படி எல்லோரும் வெளியே. கேட்டைப் பூட்டியாகிவிட்டது. அவளோ சரிவில் வழுக்கி, கால் மடங்கி, மழையில் உள்ளேயே கிடந்தாள். ராத்திரி ஒன்பது மணிக்குக் குழந்தை அழுதுகொண்டு வந்த பிறகுதான் டார்ச்சோடு ஓடினார்கள்.

"ஸ்ட்ரேஸுக்கும் அதே சிலேட்டுதான் மச்சான். புரோகிராம் கெர்னலுக்குள்ள போறப்ப ஒரு தடவை மணி அடிக்கும், வெளிய வர்றப்ப ஒரு தடவை அடிக்கும். ரெண்டும் ஒரே மணி! இது போறதா வர்றதான்னு மணியை வச்சுச் சொல்ல முடியாது. மாத்தி மாத்தி எண்ணிக்கிட்டே வரணும். ஒண்ணு தப்பினா அத்தனையும் தலைகீழ்."

இன்னொரு கூத்தும் இருந்ததாம். கெர்னலிடம் கேட்கும் கோரிக்கைகளுக்கெல்லாம் நம்பர் உண்டு, நம்ம லெட்ஜர் ஃபோலியோ மாதிரி. ஆனால் இன்டெல் கம்ப்யூட்டரில் புத்தகம் இரண்டு. 64 பிட் புத்தகத்தில் நம்பர் 1 என்றால் 'எழுது'. பழைய 32 பிட் புத்தகத்தில் அதே நம்பர் 1 என்றால் 'வேலையை முடித்துக்கொண்டு கிளம்பு'. 64 பிட் புரோகிராம் ஒன்று பழைய வழியில் போய் நம்பர் 1 கேட்டால், அது செத்தே போகும். ஸ்ட்ரேஸோ 'எழுதியது' என்று ரிப்போர்ட் கொடுக்கும். செத்தவனுக்கு அட்டெண்டன்ஸ்! ஆடிட்டர்கள் யாரும் இவ்வளவு தூரம் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஸ்ட்ரேஸை மட்டும் எவ்வளவு நோண்டினாலும் இது தீராது. அதற்குக் கிடைக்கும் தகவலே அவ்வளவுதான். அதைப் பராமரிக்கும் திமித்ரி லெவினும், எல்விரா கபிரோவா என்ற பெண்ணும் கெர்னலிலேயே ஒரு புது வழி போட்டுக் கொடுத்தார்கள். 2019 செப்டம்பரில் வந்த லினக்ஸ் 5.3-ல் அது சேர்ந்தது. அதற்கப்புறம் எண்ண வேண்டியதில்லை. உள்ளேயா வெளியேயா, எந்தப் புத்தகத்து நம்பர் என்று கெர்னலையே கேட்டுவிடலாம்.

"எங்கப்பா அதுக்கும் முன்னாடியே கண்டுபிடிச்சிட்டாரு" என்றான். "அந்த ராத்திரிக்கப்புறம் சிலேட்டை நம்பவே இல்லை. ஒவ்வொரு பேரா கூப்பிட்டு, பதில் குரல் வந்தாத்தான் கேட்டைப் பூட்டுவாரு."

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது.

பிறகு அவனே உற்சாகமாகி, கெர்னலை உளவு பார்க்கும் கேப்ரோப்ஸ் என்ற இன்னொரு கருவியின் கோப்பைத் திறந்து காட்டினான். தலைப்பில் வம்சி கிருஷ்ணா, பிரசன்னா பஞ்சமுகி என்று நம்ம தேசத்துப் பெயர்கள். ஐ.பி.எம்.காரர்கள். அடுத்து தமிழ். தமிழ் எழுத்தை ஸ்ட்ரேஸ் அப்படியே காட்டாது. 'அ' என்றால் 340, 256, 205 என்று லாட்டரி ரிசல்ட் மாதிரி மூன்று எண். நாம் கூடுதலாகக் கேட்காவிட்டால் 32 பைட்டோடு கத்தரித்தும்விடும். முத்துலட்சுமி என்று ஒரு பெயர் வந்தால் 'முத்துலட்ச' வரைக்கும் சேதாரமில்லை. அதற்கடுத்த உகரக் கொக்கியில் மூன்றில் இரண்டு பங்கு! இது பூச்சி இல்லையாம், ஏற்பாடே அப்படித்தானாம். பெண்ணைப் பெற்றவர்கள்தான் பெயரைச் சுருக்கி வைக்க வேண்டும் போலிருக்கிறது.

"இப்ப நீ எதைப் பிடிக்கிறே?"

"ரொம்பச் சின்னது. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை புது கெர்னல் வருது. அதுல புதுசா ஒரு குறியீடு சேர்ந்தா, ஸ்ட்ரேஸ் பட்டியல்லயும் சேர்க்கணும். இல்லேன்னா வெறும் நம்பரைப் போட்டுப் பக்கத்துல மூணு கேள்விக்குறி போடும். நான் சேர்க்கறது ஒரே ஒரு வரி. அது சரியா வருதான்னு சோதிக்கத்தான் நாப்பது வரி எழுதணும்."

"அந்த நாப்பது வரியில தப்பு இருந்தா?"

சிரித்தான். ஸ்ட்ரேஸ் என்று தட்டி, அதன் பக்கத்திலேயே மறுபடியும் ஸ்ட்ரேஸ் என்று தட்டினான். வாட்ச்மேனை வாட்ச்மேனே வேவு பார்க்க ஆரம்பித்துவிட்டான். வெளியே இருப்பவன் எழுதுகிறான்: உள்ளே இருப்பவன் மணிக்காகக் காத்திருக்கிறான், மணி அடித்தது, கெர்னலைக் கேட்டான், மறுபடி காத்திருக்கிறான்...

வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அத்தை மெதுவாக, "அனுப்புறியே, அதுல உம்பேரு போடுவாங்களா?" என்றார்.

"நானேதான் கீழே கையெழுத்து மாதிரி பேரைப் போட்டு அனுப்பணும்மா."

"உங்கப்பா பேரு?"

"இனிஷியல் இருக்கு."

அத்தை ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். வரும்போது கையில் மூன்று டம்ளர் காபி. அவனுடையதைக் கீ போர்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "விடியறதுக்குள்ள முடிச்சிரு சாமி" என்றார்.