ஒரே குழாயில் திருப்பூர்

காலை எட்டு மணிக்குத் திருப்பூரின் எந்தச் சந்தில் நின்றாலும் துணி நம்மைத் தாண்டிப் போகும். மொபெட்டில் கால் வைக்கும் இடத்தில் ஒரு மூட்டை, பின் சீட்டில் இரண்டு, ஓட்டுபவரின் சட்டைப் பையில் மடித்த டெலிவரி சலான். நிட்டிங்கிலிருந்து டையிங், அங்கிருந்து காம்பேக்டிங், பிரிண்டிங், கட்டிங், பவர் டேபிள் தையல், செக்கிங், அயர்னிங். அட்டைப்பெட்டிக்குள் போவதற்குள் ஒரு பனியன் ஏழெட்டு முதலாளிகளின் வாசலை மிதித்துவிடும். எல்லா வேலையையும் ஒரே கூரைக்குள் முடிக்கிற பெரிய கம்பெனிகளும் உண்டு. ஆனால் ஊரை நடத்துவது சின்னப் பட்டறைகள்தான்.

அதனால்தான் இங்கே தெருவுக்குத் தெரு சங்கப் பலகை. நிட்டிங்காரர்களுக்கு ஒன்று, சாயப் பட்டறைகளுக்கு ஒன்று, பவர் டேபிள் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. பத்து மெஷின் போட்டிருப்பவர் தனியாகப் போய்க் கூலி உயர்த்திக் கேட்டால் ஆர்டர் பக்கத்துக் கடைக்குப் போய்விடும். சங்கம் பேசினால் ரேட் ஊருக்கே பொது. ஏற்றுமதியாளர்கள் 1990-ல் சங்கம் கண்டார்கள். வாங்க வரும் ஒரே வெளிநாட்டுப் பையருக்காகப் போட்டி போடுகிறவர்கள், தண்ணீருக்காக ஒன்றாக உட்கார்ந்தார்கள். லாரித் தண்ணீரை நம்பிக் கிடந்த ஊருக்குப் பவானி ஆற்றிலிருந்து குழாய் வந்ததில் அரசோடு அந்தச் சங்கத்துக்கும் பங்கு உண்டு. எந்தக் கம்பெனியாலும் தனியாக ஆகிற காரியமா அது?

ஆனால் இந்த ஊரை எனக்குப் புரியவைத்தது சாயக் கழிவுநீர்தான். பருத்தியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும், அதுவும் ஏராளமாக. துணி சாயத்தை எடுத்துக்கொள்ளும். உப்பு தண்ணீரிலேயே நிற்கும். அந்தத் தண்ணீர் பல ஆண்டுகள் நொய்யல் ஆற்றுக்குப் போனது. பாசனத்துக்காக 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் கழிவு தேங்கியது. கீழே இருந்த கிணறுகள் கெட்டன. தென்னை வைத்திருந்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். அவர்கள் கேட்டது நியாயம். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

சிறு பட்டறைகள் சேர்ந்து பங்கு போட்டுக் கட்டியவை பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள். ஒவ்வொரு பட்டறையின் கழிவும் ஒரே குழாயில் போய்ச் சேரும். ஒரு சொட்டுகூட வெளியே விடக்கூடாது என்பது நீதிமன்றம் விதித்த நிபந்தனை. அது நிறைவேறாததால் 2011 ஜனவரியில் எல்லாவற்றையும் மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள் நின்றன. ராத்திரியில் வாய்க்காலில் திறந்துவிட்டவருக்கும், பங்குத் தொகையை ஒழுங்காகக் கட்டி வந்தவருக்கும் ஒரே பூட்டு. சாயம் நின்றதும் நிட்டிங் தடுமாறியது, தையல் காத்துக்கிடந்தது. துணி வெளியூர்களுக்குச் சாயம் தேடிப் போனது. பட்டறை ஓடாவிட்டால் நிலையத்தின் கடனைக் கட்ட ஆளில்லை. நிலையம் ஓடாவிட்டால் பட்டறையைத் திறக்க அனுமதி இல்லை. மாநில அரசு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்த பிறகுதான் அந்த முடிச்சு மெல்ல மெல்ல அவிழ்ந்தது.

இன்று வடிகட்டிய தண்ணீரும், உப்புக் கரைசலும் அதே பட்டறைகளுக்குத் திரும்பி வந்து மறுபடி சாயத்தொட்டியில் இறங்குகின்றன. செலவு அதிகம்தான். அந்தச் செலவு சாயக்கூலியில் ஏறி, பனியன் விலையில் ஏறி, வெளிநாட்டுப் பையரிடம் பேரம் பேசும் மேசை வரை போகிறது. பெரிய ஏற்றுமதியாளர் அந்த மேசையில் கூலியை இறுக்கிப் பிடித்தால், அடியில் இருக்கும் பட்டறைக்காரர் சுத்திகரிப்புச் செலவில்தான் கை வைப்பார். சங்கங்கள் கூடும்போது முதலில் பேச வேண்டியது இதை.

வடிகட்டியதில் மிஞ்சும் கழிவுநீரை ஆவியாக்கிய பிறகும் ஒரு மிச்சம் இருக்கிறது. மறுபடி பயன்படாத கலப்பு உப்பு. நிலையங்களின் கொட்டகையில் மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடக்கிறது. சாம்பல் நிறம், தொட்டால் பிசுபிசுப்பு. எந்த மூட்டை எந்தப் பட்டறையின் உப்பு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.